மரநாயும் கால்பிடிப் பொறியும்

மயிலாப்பூரின் பழைய ஓட்டு வீடுகளிலும் அடையாற்றின் மரமடர்ந்த தோட்டங்களிலும், நள்ளிரவில் கூரைமேல் தடதடவென ஓடி நித்திரையைக் கலைக்கும் மரநாயைப் பிடிக்க இரும்புப் பொறி கிடைக்குமா என்று விசாரிப்போர் உண்டு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மென்மயிர்த் தோலுக்காக நரி, ரக்கூன் முதலியவற்றைப் பிடிக்க வைக்கும் கால்பிடிப் பொறியில், நடுத்தட்டை மிருகம் மிதித்த க்ஷணமே வில்லின் பலத்தால் இரு தாடைகள் எழுந்து பாதத்தைக் கவ்விக்கொள்ளும். தாடைகளுக்கு ரப்பர் பொருத்துவதும், அவை முற்றும் மூடாதபடி சிறு இடைவெளி விடுவதும், திமிறும் மிருகத்தின் கால் முறுக்குண்டு முறியாதிருக்கச் சங்கிலியில் சுழல்வளையம் கோப்பதும், சிறு பிராணிகள் மிதித்தால் இயங்காதபடி தட்டின் இறுக்கத்தைக் கூட்டுவதும் ஹிம்சையைக் குறைக்குமென்பது மெய்யே. ஆயினும், விடியும்வரை சிக்கிக் கிடக்கும் ஜீவனின் பீதியை எந்த ரப்பர் போக்கும்? பழைய பல்வைத்த பொறியை இங்கிலாந்து 1958-லேயே விலக்கிவிட்டது.

நம் நாட்டிலோ, 1972-ஆம் ஆண்டின் வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் பொறிவைத்துப் பிடிப்பதையும் வேட்டையென்றே கணிக்கிறது. பழமுண்டு விதை பரப்பும் மரநாய் அச்சட்டத்தின் ரக்ஷணைக்கு உட்பட்டது. ஆகவே, உள்ளே குட்டிகள் இல்லையென நிச்சயித்துக்கொண்டு ஓட்டிடுக்கைக் கம்பிவலையால் அடையுங்கள், கூரையைத் தொடும் கிளைகளைக் கழியுங்கள். பெருச்சாளிக்கு வைத்த கூண்டில் மரநாய் அகப்பட்டால், கிண்டி வனத்துறை அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள்.