ஆற்றுக்கு 15 நிமிடக் கணக்கு

மாணவர்களே, உங்கள் வீட்டுத் தண்ணீர் மீட்டரை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். நியூசிலாந்தில் வினாடிக்கு 20 லிட்டர் அல்லது அதற்கு மேல் நீர் எடுக்க அனுமதி பெற்ற விவசாயிக்கு அது போதாது. 2022 செப்டம்பர் முதல் அவர் 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுத்து, அந்தக் கணக்கை அன்றாடம் வட்டார மன்றத்துக்கு மின்னியல் வழி அனுப்ப வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? 2010-இல் வந்த விதிப்படி, தினக்கணக்கை ஆண்டுக்கொரு முறை, ஜூன் முடிந்தபின் ஒப்படைத்தால் போதும். தென் தீவின் கேண்டர்பரி சமவெளியை எண்ணிப் பாருங்கள். அங்கே ஜனவரி என்பது கோடைக்காலம். மாடு மேயும் புல்வெளிக்கு அதிக நீர் தேவைப்படும்போதுதான் பல ஆறுகளில் நீர் மெலிகிறது. ஆற்றோட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் பம்பை நிறுத்த வேண்டும் என்று பல அனுமதிகளில் நிபந்தனை உண்டு. ஜனவரியில் ஒருவர் அதை மீறியது ஜூலையில் தெரிந்து என்ன பயன்? மீன்கள் அதுவரை காத்திருக்குமா!

பல இடங்களில் மின்காந்த மீட்டர் பயன்படுகிறது. காந்தப்புலத்தின் ஊடே நீர் பாயும்போது சிறிய மின்னழுத்தம் தோன்றும். நீரின் வேகம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். பாடநூலில் நீங்கள் படிக்கும் ஃபாரடேயின் விதிதான் இது. (உப்புகள் கரைந்திராத தூய நீரில் இது வேலை செய்யாது; ஆற்று நீரில் அந்தக் கவலை இல்லை.) வேகத்தைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் நீரின் அளவு கிடைத்துவிடும்.

குழாயில் பொருத்திய மீட்டரில் 5 விழுக்காடு வரை பிழை இருக்கலாம் என்கிறது விதி. வினாடிக்கு 20 லிட்டர் இறைக்கும் பம்பு நாள் முழுதும் ஓடினால், அந்த 5 விழுக்காடே 86,400 லிட்டர்.