முதுகுவலிக்கு மெத்தை மருந்தாகுமா?

போன வருடம் எங்கள் பெரியம்மா வீட்டுக்கு ஒரு புது மெத்தை வந்து இறங்கியது. பெரிய ஜமக்காளம் மாதிரி சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் அடைத்திருந்தார்கள். உறையைக் கத்தரித்ததுதான் தாமதம்... மெல்ல மூச்சு இழுத்து உப்பி, கட்டில் முழுக்கப் பரவிக்கொண்டது. பேரப்பிள்ளைகள் உள்ளங்கையால் அழுத்தி எடுத்து, அந்தத் தடம் கொஞ்சம் கொஞ்சமாக மறைவதை வேடிக்கை பார்த்தார்கள். 'மெமரி ஃபோம்' மெத்தை. விலை 28,000 ரூபாய். மாதத் தவணையில்!

"அம்மாவுக்கு நாலு மாசமா முதுகுவலி. பழைய மெத்தைதான் காரணம். இதுல படுத்தா ரெண்டே வாரத்துல சரியாயிடும்னு கடைக்காரர் சொன்னார்" என்றார் அண்ணன், பெருமையாக.

இரண்டு வாரம் போயிற்று. இரண்டு மாதமும் போயிற்று. வலி மட்டும் போகவில்லை. "புது மெத்தைன்னா உடம்பு பழகக் கொஞ்ச நாளாகும் பெரியம்மா" என்று நானும் என் பங்குக்குச் சமாதானம் சொன்னேன். ஒருநாள் காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தவர், நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. ஒன்று புதிது. இன்னொன்று பல மாதங்களுக்கு முன்பே நசுங்கியது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வலுவிழந்து போகிற 'ஆஸ்டியோபோரோசிஸ்'.

"முதல்ல வலி வந்தப்பவே ஏன் கூட்டிட்டு வரலை?" என்று டாக்டர் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மெத்தை மேல் தப்பில்லை. அதனால் முடியாத வேலையை அதனிடம் ஒப்படைத்தது நாங்கள்தான். உங்கள் வீட்டிலும் மெமரி ஃபோம் வாங்குகிற யோசனை இருந்தால், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

இது என்ன சரக்கு?

சோபாவிலும் கார் சீட்டிலும் இருக்கிறதே, அந்தப் பாலியூரிதேன் ஃபோம் வகைதான் இதுவும். தயாரிக்கும்போது வேறு சில ரசாயனங்களைச் சேர்த்துப் பக்குவத்தை மாற்றுகிறார்கள். சாதா ஃபோமை அழுத்திவிட்டால் 'டக்'கென்று எழும்பும். இது நிதானமாக எழும்பும். உடம்புச் சூடு பட்டதும் இளகி, உடம்பின் மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி இடம் கொடுக்கும். அதனால் தோள், இடுப்பு போன்ற இடங்களில் மட்டும் பாரம் விழாமல் பரவலாகப் பிரிகிறது.

"விண்வெளி வீரர்கள் படுக்கிற மெத்தை சார்!" என்று சில கடைகளில் சொல்வார்கள். பாதி உண்மை. 1966-ல் அமெரிக்காவின் நாசா அமைப்புக்காக இந்த ஃபோம் உருவானது நிஜம்தான். ஆனால், விமான இருக்கைகளில் வைப்பதற்காக! ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்று இதைப் படுக்கும் மெத்தையாக்கி விற்கத் தொடங்கியது 1991-ல். ஆகவே நாசா பெயரைக் கேட்டு அசந்துவிட வேண்டாம்.

முதுகுக்கு எது நல்லது?

"முதுகுவலியா? கட்டாந்தரையில படு" என்பது தாத்தா காலத்து வைத்தியம். அது எல்லோருக்கும் பொருந்தாது. 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வெளியானது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டியான மெத்தை, மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டியுள்ள மெத்தை கொடுத்து, 90 நாள் கவனித்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகமாகக் குறைந்திருந்தது.

காரணம் எளிது. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்கினால்தான் முதுகுத்தண்டு நேராக இருக்கும். தரையில் அவை அமுங்காது. மெத்தை ரொம்பவும் மெத்தென்று இருந்தாலோ, தூளியில் படுத்த மாதிரி இடுப்பு கீழே இறங்கிவிடும்.

ஆனால் ஒன்று. இந்த நடுத்தரக் கெட்டி மெமரி ஃபோமில் மட்டும்தான் கிடைக்கும் என்றில்லை. தேங்காய் நாரும் ரப்பரும் சேர்ந்த காயர் மெத்தை, லேடக்ஸ், ஸ்பிரிங் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. விலையும் பல விதம்.

நம்ம ஊர் வெயிலுக்கு?

இங்கேதான் யோசிக்க வேண்டும். மெமரி ஃபோம் உடம்போடு ஒட்டி இடம் கொடுப்பதால், அடியில் காற்றோட்டம் குறைவு. சூடு தங்கும். ஏ.சி. இல்லாத அறையில், மே மாத ராத்திரியில் முதுகு நனைந்து எழுந்திருக்க நேரலாம். சூட்டில் இளகுவது இதன் குணம் என்பதால், ஏ.சி. ஷோரூமில் கெட்டியாகத் தெரிந்த மெத்தை உங்கள் வீட்டில் இன்னும் மெத்தென்று ஆகிவிடும். 'ஜெல்' சேர்த்த வகை படுத்தவுடன் ஜில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சி விடியும்வரை வரும் என்று நம்பி வாங்காதீர்கள்.

இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டுத் தட்டுவோமே, அது இதற்கு ஆகாது. வெயிலில் ஃபோம் பழுத்து நொறுங்கும். தண்ணீர் விட்டு அலசவும் முடியாது. உள்ளே போன ஈரம் சுலபத்தில் காயாது. படுக்கையை நனைக்கும் பிள்ளைகளோ பெரியவர்களோ இருந்தால், நீர் புகாத மேலுறை கட்டாயம். பிரித்ததும் ரசாயன வாடை அடிக்கும். சில நாள் ஜன்னலைத் திறந்து வைத்து, வாடை அடங்கியபின் படுங்கள்.

யாருக்கு ஒத்துவரும்?

ஒருக்களித்தே படுப்பவர்களுக்கும், தோளும் இடுப்பும் அழுந்தி வலிப்பவர்களுக்கும் இது சுகமாக இருக்கும். கணவர் புரண்டு புரண்டு படுத்தாலும் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ஆட்டம் தெரியாது.

குப்புறப் படுப்பவர்களுக்கு வயிற்றுப் பகுதி அமுங்கி, இடுப்பு வலிக்கலாம். மூட்டுவலி உள்ள முதியவர்களுக்குப் புரளவும் எழுந்திருக்கவும் சிரமமாகும். பச்சைக் குழந்தைகளை இதில் படுக்க வைக்கவே கூடாது. முகம் புதைந்து மூச்சு அடைத்துவிடும் ஆபத்து உண்டு. ஒரு வயது வரை கெட்டியான, சமமான படுக்கைதான் பாதுகாப்பு.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பாரம் பிரிவதால் ஓரளவு நன்மை உண்டு. ஆனால், அவர்களை நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்க வைக்கும் வேலையை மெத்தை செய்யாது. படுக்கைப் புண்ணுக்கு எந்த மெத்தை என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடைக்குப் போகும்போது...

* கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வராதீர்கள். வழக்கமாக எப்படித் தூங்குவீர்களோ, அப்படியே 10, 15 நிமிடம் படுத்துப் பாருங்கள். யார் படுக்கப் போகிறார்களோ அவரையே அழைத்துப் போங்கள்.

* "10 இன்ச் மெமரி ஃபோம்" என்றால் பத்தும் மெமரி ஃபோம் அல்ல. பெரும்பாலும் மேலே 2, 3 இன்ச்தான். கீழே வேறு ஃபோம். எது எத்தனை இன்ச் என்று கேளுங்கள்.

* அடர்த்தியைக் கேளுங்கள். மெமரி ஃபோம் அடுக்கு ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ அளவில் இருந்தால் உழைக்கும். ரொம்பக் குறைந்தால் சீக்கிரம் பள்ளம் விழும்.

* "100 நாள் படுத்துப் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுங்க" என்றால், எடுத்துப் போகும் கூலி யாருடையது, பணம் முழுவதும் வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். எத்தனை இன்ச் பள்ளம் விழுந்தால் வாரன்ட்டி, கறை பட்டால் உண்டா என்பதையும் படியுங்கள்.

* கட்டில் பலகை வளைந்திருந்தால் எந்த மெத்தையும் வளையும். முதலில் அதைப் பாருங்கள்.

* பழைய மெத்தை பள்ளம் விழாமல் நன்றாக இருந்தால், அதன் மேல் விரிக்கிற 2 இன்ச் மெமரி ஃபோம் 'டாப்பர்' மட்டும் வாங்கிப் பார்க்கலாம். செலவு குறைவு.

மெத்தைக் கடையா, டாக்டரா?

ஊருக்குப் போய் வேறு படுக்கையில் தூங்கினால் வலி இல்லை, வீட்டுக்கு வந்தால் காலையில் பிடிப்பு, நடமாடினால் சற்று நேரத்தில் சரியாகிறது என்றால், மெத்தையைச் சந்தேகப்படலாம்.

ஆனால் கீழே விழுந்தபின் வந்த வலி, படுத்தாலும் குறையாமல் ராத்திரி எழுப்பிவிடும் வலி, கூடவே காய்ச்சல் அல்லது காரணமில்லாமல் எடை குறைவது, அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் காலைப் பிடிப்பு, ஆறு வாரமாகியும் தீராத வலி... இவற்றுக்கெல்லாம் முதலில் டாக்டர். புற்றுநோய் வந்து குணமானவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், மாதவிடாய் நின்றபின் உயரம் குறைந்து கூன் விழுகிற பெண்கள், வலி வந்தால் தள்ளிப்போடவே கூடாது. கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமலோ வெளியேறாமலோ போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி!

பெரியம்மா இப்போது எலும்புக்கு மருந்து, கால்சியம், வைட்டமின் டி எடுத்துக்கொள்கிறார். தினமும் நடக்கிறார். குடம் தூக்குவது அண்ணனின் வேலையாகிவிட்டது. "வலிக்குதுன்னு சொன்னா எல்லாரும் மெத்தையைத்தான்டா பார்த்தீங்க" என்று அவ்வப்போது அண்ணனைச் சீண்டுவார்.

மெத்தையா? "புதைஞ்சு போயிடறேன், எழுந்திருக்க முடியலை" என்று பழைய காயர் மெத்தைக்கே திரும்பிவிட்டார். புதியதில் அண்ணனும் அண்ணியும் சுகமாகத் தூங்குகிறார்கள். தவணைதான் இன்னும் ஐந்து மாதம் பாக்கி!