சருகு எப்படி ஈரம் காக்கிறது?

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் காட்டுக்குள் சருகைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். அடியில் மண் குளிர்ந்து ஈரமாக இருக்கும். நம் மொட்டைமாடித் தொட்டியோ காலையில் ஊற்றினால் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. ஏன்?

மண் துகள்களுக்கு இடையே மயிரிழை போன்ற இடுக்குகள் உண்டு. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, அவை அடி ஈரத்தை மேலே இழுக்கின்றன. மேலே வந்ததை வெயிலும் காற்றும் கொண்டுபோகின்றன. சருகுப் போர்வை வெயிலை மறைக்கிறது, காற்றைத் தடுக்கிறது. ஈரம் மண்ணிலேயே தங்குகிறது. மட்கும்போது அந்தச் சருகே உரமாகிறது.

எப்படிச் செய்வது? வீட்டு மா, வேம்பின் காய்ந்த இலைகளைத் தொட்டியில் இரண்டு அங்குலம் பரப்புங்கள். இதுதான் மூடாக்கு. தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், அழுகல் வரும். பச்சை இலையைக் கனமாகக் குவித்தால் சூடேறும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள்.

காட்டுச் சருகை அள்ளி வர வேண்டாம். அய்யனார் கோவில் காடு, 2021இல் உருவான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அந்தச் சருகு அந்தக் காட்டுக்கான உணவு. நம் வாசலில் கூட்டி எரிக்கும் இலைக் குப்பையே நமக்குப் போதும்.