புது பிக்கப்பைக் கொடுத்துப் பழைய கார் எடுப்போர் கவனத்துக்கு

ஒரு வண்டியைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொள்ளும் 'எக்ஸ்சேஞ்ச்', சட்டத்தின் கண்ணில் சாதாரண விற்பனை அல்ல. பொருளுக்குப் பணம் கைமாறினால் விற்பனை. பொருளுக்குப் பொருள் கைமாறினால் அது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 118ஆம் பிரிவில் சொல்லும் பரிவர்த்தனை. இதில் ஈடுபடும் ஒவ்வொருவரும், தான் கொடுக்கும் பொருளைப் பொறுத்தவரை விற்பவர், எடுக்கும் பொருளைப் பொறுத்தவரை வாங்குபவர் என்கிறது 120ஆம் பிரிவு. ஆக, ஒரே நாளில் இரண்டு பக்கப் பொறுப்பும் ஒருவர் தலையில் ஏறுகிறது. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸையோ டொயோட்டா ஹைலக்ஸையோ கொடுத்துவிட்டு ஒரு கான்டெசாவையோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டையோ வீட்டு வாசலில் நிறுத்த நினைப்பவர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது இதுதான்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் இந்த ஆசைக்குக் காரணங்கள் உண்டு. வி-கிராஸின் நீளம் ஐந்தேகால் மீட்டருக்கு மேல். அம்பத்தூரின் உள்தெருக்களில் அதைத் திருப்புவதே ஒரு வேலை. அம்பாசிடர் அதைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் குட்டை. பாடியிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் லேத்துப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், கிடைக்காத உதிரிபாகத்தைக் கடைந்தாவது எடுத்துவிடலாம் என்ற தைரியமும் இருக்கிறது. ஆனால் 204 குதிரைத்திறன் ஹைலக்ஸ் ஓட்டிப் பழகிய கால், டிரம் பிரேக் மட்டுமே உள்ள ஹெரால்டில் எவ்வளவு முன்னதாக பிரேக்கை மிதிக்கவேண்டும் என்பதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். ஏர்பேக், ஏ.பி.எஸ். எதுவும் அதில் கிடையாது. மே மாத மதியத்தில் சி.டி.எச். சாலையில் அம்பத்தூர் ஓ.டி. நெரிசலில் கால் மணி நேரம் நின்றால் ரேடியேட்டர் கொதிக்கத் தொடங்கும். அன்றாடம் அலுவலகம் போக இருக்கும் ஒரே வண்டியைக் கொடுத்துவிட்டு இப்படியொரு காரை எடுப்பது சரியான முடிவாக இருக்காது. வீட்டில் வேறொரு வண்டி இருந்தால் மட்டுமே இதை யோசிக்கலாம்.

'கிளாசிக்' என்பது விளம்பரங்களில் புழங்கும் சொல். மோட்டார் வாகன விதிகளில் அப்படியொரு வகையே இல்லை. அங்கு இருப்பது 'விண்டேஜ்' மட்டும். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 81ஏ முதல் 81ஜி வரையிலான விதிகளின்படி, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களே விண்டேஜ். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாக வழங்கப்படும் எண்ணில் மாநிலக் குறியை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கான்டெசா 1984இல் வந்த வண்டி. 2034க்கு முன் ஒரு கான்டெசாகூட விண்டேஜ் ஆக முடியாது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், அறுபதுகளின் ஃபியட், பழைய அம்பாசிடர் ஆகியவை வயதால் தகுதி பெறும். ஆனால் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் ஏற்றியிருந்தால் அந்தத் தகுதியும் போய்விடும். ஒரு காலத்தில் எரிபொருள் செலவுக்குப் பயந்து இப்படி மாற்றப்பட்ட வண்டிகள் ஏராளம். 'விண்டேஜ் பதிவு கிடைக்கும் சார்' என்று புரோக்கர் சொன்னால், என்ஜின் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்ட பிறகே அதை நம்பலாம்.

விண்டேஜ் பதிவு பெற்ற காரை வழக்கமான போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. படப்பிடிப்புத் தளம் இருப்பதால், பூந்தமல்லிப் பக்கத்தில் 'ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டே போட்ட காசை எடுத்துவிடலாம்' என்ற பேச்சு எளிதில் எடுபடும். விண்டேஜ் பதிவில் அதற்கு இடமில்லை. வெள்ளைப் பலகைச் சொந்தக் காரைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதும் பர்மிட் இல்லாமல் வணிக வாகனம் ஓட்டியதாகவே கொள்ளப்படும். அப்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும்.

ஐம்பது ஆண்டு ஆகாத பழைய காருக்கு வழக்கமான பாதைதான். பதினைந்தாம் ஆண்டில் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துப் பதிவைப் புதுப்பிக்கிறார். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 2025 ஆகஸ்டில் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, இருபது ஆண்டுகளைத் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 80,000. இதன் மேல் மாநிலத்தின் பசுமை வரி. புதுப்பிக்கத் தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம் சேரும். கொட்டகையில் பத்து வருடம் தூங்கிய கார் எவ்வளவு பாக்கியைச் சுமந்துகொண்டு வருகிறது என்பதைப் பேரம் பேசும்போதே கணக்கிடவேண்டும். பதினைந்து வருடக் கார் தமிழ்நாட்டில் ஓடவே கூடாது என்பது வதந்தி. வயதை வைத்து வண்டிக்குத் தடை வந்தது தில்லித் தலைநகர வட்டாரத்தில்.

காரைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவுகளிலும் நகர்த்தினால், தகடு இருக்குமிடத்தில் பிடிக்கும். துரு தின்ற இடத்தில் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருந்தால் பிடிக்காமல் வழுக்கும். தரைவிரிப்பைத் தூக்கிக் காலடித் தகட்டையும் பார்க்கவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே வெள்ளத்தில் நின்றது. நீரில் ஊறிய வண்டி பழையதானாலும் புதியதானாலும் அதன் சுவடு அங்கேதான் முதலில் தெரியும். ரப்பர்க் குழாய்கள், கார்புரேட்டர் கேஸ்கெட்டுகள் பற்றியும் கேட்கவேண்டும்: இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது, அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

தகரத்தைவிடத் தாள் முக்கியம். சேசிஸ் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடவேண்டும். இலக்கங்கள் வரிசை தப்பி நின்றாலோ, எண்ணைச் சுற்றிலும் கிரைண்டர் தேய்ப்போ வெல்டிங் தழும்போ தெரிந்தாலோ, பேச்சு அத்துடன் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். விபத்தில் நொறுங்கிய காரின் ஆர்.சி.யைத் திருட்டுக் காருக்குப் பொருத்துவது பழைய வித்தை. எம்எஸ், டிஎம் என்று தொடங்கும் பழைய மதராஸ் எண்களில் பல 'வாகன்' கணினித் தொகுப்பில் ஏறாமல் கிடக்கும், அவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'பேக்லாக்' பதிவு செய்த பின்னரே பெயர் மாற்ற முடியும். அந்த வேலையை விற்பவரே முடித்துத் தரட்டும். திருட்டு வண்டிப் பட்டியலில் உள்ளதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் எண்களை இட்டுப் பார்க்கலாம். கேரளம், புதுச்சேரி, தில்லியிலிருந்து வந்த காரென்றால் அந்த மாநிலத்தின் என்.ஓ.சி. இல்லாமல் இங்கு பதிவாகாது. இங்கு கட்டவேண்டிய ஆயுள் வரியும் எடுப்பவர் தலையில்தான் விழும்.

பிக்கப்பின் பக்கமும் சரிபார்க்க வேண்டியவை உண்டு. வங்கிக் கடன் மீதமிருந்தால் ஆர்.சி.யில் ஹெச்.பி. பதிவு இருக்கும், கடனை அடைத்து, வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் கொடுத்து அதை நீக்கும்வரை வண்டியைக் கைமாற்றக்கூடாது. பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், என்ஜின் கணினியில் திறன் கூட்டும் வேலை என்று ஆசையாகச் செய்தவையெல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் சிக்கலாம். தயாரிப்பாளர் தந்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கலாம். பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுக் கொடுப்பதே நல்லது.

கைமாற்றும் நாளில் நடக்கும் தவறே பின்னால் பெரிதாகிறது. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தாள் பதிவை மாற்றாது. படிவம் 29, 30இல் இருவரும் கையெழுத்திட்டு, மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி கொடுத்தவர் 14 நாளுக்குள்ளும் எடுத்தவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும். பூந்தமல்லி (டிஎன் 12), அம்பத்தூர் (டிஎன் 13) அலுவலகங்களுக்கான விண்ணப்பங்கள் 'பரிவாகன்' தளம் வழியே போகின்றன. தேதி போடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுப் புரோக்கரிடம் விடுவது தன் பெயரையே அடகு வைப்பது போன்றது. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில், 2007இலேயே காரை விற்றுவிட்டதாகச் சொன்னவர், அது பல கை மாறி 2009இல் விபத்துக்குள்ளானபோதும் பதிவில் அவர் பெயரே இருந்ததால் இழப்பீட்டுப் பொறுப்புக்கு ஆளானார். 2018 பிப்ரவரி 6இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. பிக்கப்பைக் கொடுத்தவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்: பழைய கார் வாரம் ஒருநாள் ஓடும், பிக்கப் தினமும் ஓடும்.

காப்பீட்டில், மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு தானாகவே மாறும். சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி மாறாது. எடுத்தவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற நிறுவனத்திடம் விண்ணப்பிக்கவேண்டும். விண்டேஜாகப் பதிவான சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஐந்தாண்டு தாண்டிய வண்டியின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவுசெய்வதால், புகைப்படங்களும் பட்டறை ரசீதுகளும் கைவசம் இருக்கவேண்டும். பிக்கப்பில் சேர்ந்த 'நோ கிளெய்ம் போனஸ்' உரிமையாளருடையது, வண்டியுடையது அல்ல. அதைக் கடிதமாக வாங்கி வைக்க மறக்கக்கூடாது.

இணைய விளம்பரம் பார்த்துப் பேசும்போது, தன்னை ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு முன்பணம் கேட்பவர்கள் உண்டு. நாடு முழுவதும் நடக்கும் இந்த மோசடி, கனரக வாகனத் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் இருக்கும் ஆவடியில் எளிதாக நம்பப்படும். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக்கூடாது. அனுப்பிவிட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு போய்விடும்.

சிக்கல் வந்தபின் எங்கே போவது என்பது எதிரில் இருப்பவரைப் பொறுத்தது. பழைய வண்டி வியாபாரி என்றால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி அவர் அங்கீகாரச் சான்று பெற்றிருக்கவேண்டும். பிக்கப்பை அவரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி வழியே அதைத் தெரிவித்துவிட்டால் அதன்பிறகான பொறுப்பு அவருடையது. அவர்மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர். அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டதால் அங்குள்ளவர்களுக்குச் சென்னை. முதற்கட்ட ஆலோசனைக்கு 1915.

ஒரு தனிநபர் தன் சொந்தக் காரை மாற்றிக்கொண்டிருந்தால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் உதவாது. அங்கே கைகொடுப்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 119ஆம் பிரிவு. எடுத்த கார் திருட்டு வண்டி என்று தெரிந்து பறிபோனால், கொடுத்த பிக்கப்பைத் திரும்பக் கேட்கலாம், அல்லது நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் பிக்கப் இதற்குள் விலைக்கு வேறொருவர் கைக்குப் போயிருந்தால் நஷ்டஈடு மட்டுமே மிஞ்சும். இதனால்தான் ஒப்பந்தத்தில் இரு வண்டிகளின் மதிப்பையும் தனித்தனியே ரூபாயில் எழுதவேண்டும். மேற்கொண்டு கைமாறிய பணத்தை வங்கி வழியாகவே கொடுக்கவேண்டும். ஆவணம் போலி, எண் மாற்றப்பட்டது என்றால் ஆவடி காவல் ஆணையரக எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் மோசடி, போலி ஆவணம் ஆகியவற்றுக்காகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் புகார் தரலாம். பதிவுசெய்ய மறுத்தால் உயரதிகாரிக்குத் தபாலில் அனுப்பி, அதற்கும் பலனில்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் முறையிடலாம். உரிமையியல் வழக்குக்கு மூன்று ஆண்டுக் கெடு. மோசடி மறைக்கப்பட்டிருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்தே அந்தக் கெடு ஓடத் தொடங்கும்.