கைபேசி வழியே செவிலியர் கல்வி

நற்செய்தியில் வரும் நல்ல சமாரியன், குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு தூரத்தில் நின்று இரக்கப்படவில்லை. அருகில் சென்றான்; காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினான். அன்றும் இன்றும் செவிலியர் பணி என்பது இவ்வாறு அருகில் சென்று கையால் செய்கின்ற பணியே. 1860ஆம் ஆண்டு லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோதும் வார்டுதான் மாணவியருக்கு வகுப்பறையாயிற்று. அந்த அம்மையார் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, 2020ஆம் ஆண்டைச் செவிலியர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் கொரோனா நோய் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டு, செவிலியர் மாணவியர் பெட்டி படுக்கையுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வார்டு போயிற்று, கையகலக் கைபேசி வந்தது.

இப்பள்ளியில் படித்து, நர்சிங் பட்டம் பெற்று, இன்று செவிலியர் கல்லூரிகளில் பயிற்றுவிக்கும் நாங்கள் சிலர், அந்நாட்களில் பட்ட பாட்டையும் அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம். இணைய வகுப்பு அந்த ஆண்டோடு முடிந்துவிடவில்லை. இன்றும் பல பாடங்கள் அவ்வழியே நடக்கின்றன. நாளை நர்சிங் படிக்கப் போகும் தங்கைகள் சிலரேனும் இதை அறிந்திருப்பது நல்லது.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். வகுப்பறையில் பேசுவது போலவே கைபேசியிலும் பேசினால் போதும் என்று நினைத்தோம். இதயத் தளர்ச்சி பற்றி ஒரு நாள் ஐம்பது நிமிடம் இடைவிடாமல் பேசி, “நன்றி, வகுப்பு முடிந்தது” என்றோம். மாணவியரின் பெயர்கள் திரையிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. ஒன்பது பெயர்கள் மட்டும் கருப்புக் கட்டங்களாக அப்படியே நின்றன. பெயர் சொல்லி அழைத்தோம், பதில் இல்லை. பிறகு விசாரித்தால் ஒருத்தி தூங்கிவிட்டாள். இன்னொருத்தி அடுப்படியில் இருந்தாள். வேறொருத்தியின் தந்தை, கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். இதயத் தளர்ச்சி பற்றிய பாடம் முழுவதும் அவருடைய இதயத்துக்கு மேலேயே நடந்திருக்கிறது!

அன்று எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் அச்சம் வந்தது. வேறு படிப்பில் ஒரு பாடம் தவறினால் சில மதிப்பெண்கள் போகும். இங்கே அந்தக் கருப்புக் கட்டத்துக்குப் பின்னால் இருப்பவள் இன்னும் இரண்டு ஆண்டில் இரவுப் பணியில் தனியாக நிற்பாள். மூச்சுத் திணறும் நோயாளியின் கட்டிலருகே அவளுக்கு நினைவு வரவேண்டியது எதுவோ, அது அன்று சந்தைக்குப் போய்விட்டது.

“எல்லாரும் கேமராவைப் போடுங்கள்” என்று கண்டிப்பாகச் சொல்லிப் பார்த்தோம். அதனால் பயன் இல்லை, துன்பமே விளைந்தது. ஒரே அறையுள்ள வீடுகள்; பின்னால் துணி மாற்றும் தங்கை, இருமும் தாத்தா. கேமராவைப் போட்ட பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்கவில்லை, தங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்பதையே கவனித்தார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் இருவர் 2021இல் வெளியிட்ட ஆய்விலும், தம் தோற்றத்தைப் பற்றிய கூச்சமே மாணவர்கள் கேமராவை அணைப்பதற்கு முதற்காரணமாகத் தெரிய வந்தது. பின்னால் இருக்கும் வீடு தெரிவதைப் பற்றிய தயக்கமும் காரணங்களில் ஒன்று. செல்வம் மிகுந்த நாட்டிலேயே அப்படியென்றால் நம் பிள்ளைகளைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முகத்தைக் கேட்பதை விட்டோம், கைகளைக் கேட்டோம். செவிலியருக்கு வேண்டியது கைதானே? கைபேசியைச் செம்பின் மேல் சாய்த்து வைத்து, இரு கைகள் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளச் சொன்னோம். முதற்பாடம் கை கழுவுதல். சோப்பும் நீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 வினாடி ஆக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். நாங்கள் சொல்லாமல், மஞ்சளைக் குழைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கை கழுவும் முறைப்படி தேய்க்கச் சொன்னோம். கண்ணைத் திறந்து பார்த்தால் மஞ்சள் ஒட்டாத இடங்கள் தாமாகவே தெரிந்தன: கட்டைவிரலைச் சுற்றி, விரல் இடுக்குகளில், நகத்தின் ஓரத்தில். கிருமி தங்கும் இடமும் அதுவே என்று நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. அறுபது மாணவியரில் ஒருத்திகூட அன்று தூங்கவில்லை. வீட்டில் மஞ்சள் வீணானதைப் பற்றித் தாய்மார் சிலர் முணுமுணுத்தது மட்டும் உண்மை.

அதன் பின்னர் பத்து நிமிடத்துக்கு மேல் நாங்கள் தொடர்ந்து பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். பத்து நிமிடம் பேச்சு, உடனே ஏதேனும் ஒரு வேலை. பழைய புடவைக் கிழிசலால் தம்பியின் முழங்கையில் எட்டு வடிவக் கட்டுப் போடுதல், நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுதல் போன்றவற்றை வீட்டிலேயே செய்யலாம். நோயாளியாகப் படுக்கப் பாட்டிமார் மிகவும் விரும்பி முன்வந்தார்கள்.

மருந்துக் கணக்கில்தான் இந்த முறையின் பயனை நன்கு கண்டோம். வகுப்பில் கேள்வி கேட்டால் முன்வரிசை மாணவி ஒருத்தி பதில் சொல்லிவிடுவாள். மற்றவர்கள் அவள் நிழலில் ஒதுங்கிக்கொள்வார்கள். கைபேசியில் அதற்கொரு வழி இருக்கிறது. “பதிலை எழுதிக்கொள்ளுங்கள், நாங்கள் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்” என்போம். இரண்டு நிமிடம் கழித்து “அனுப்புங்கள்” என்றதும் அறுபது பதில்களும் ஒரே நேரத்தில் மழையாகக் கொட்டும். ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி எழுத முடியாது.

ஒரு நாள் கேட்ட கணக்கு இது. 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும்; ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்; நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் ஏறத்தாழ 42. பெரும்பாலோர் சரியாகவே எழுதினர். ஏழு பேர் 125 என்று எழுதியிருந்தனர். வகுப்பறையாக இருந்தால் அந்த ஏழு பேரை நாங்கள் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம். அவர்களுடைய கணக்கில் பிழை இல்லை. குழந்தைகளுக்குப் பயன்படும் 60 சொட்டுச் செட்டை மனத்தில் வைத்துப் போட்டுவிட்டார்கள். அப்படியானால் வார்டில் என்ன நடந்திருக்கும் என்று அவர்களையே கணக்கிடச் சொன்னோம். நிமிடத்துக்கு 125 வீதம் விட்டால் 10,000 சொட்டும் 80 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டிய நீர் ஒரு மணி இருபது நிமிடத்தில் ஏறும். நோயாளிக்கு இதயம் பலவீனமாக இருந்தால் அந்த நீர் நுரையீரலில் கோத்து மூச்சு முட்டும். சந்தைக்குப் போன பாடம் இவ்வாறு இன்னொரு வழியாகத் திரும்பி வந்தது. செட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்காமல் கணக்குப் போடக்கூடாது என்பதை அந்த ஏழு பேரும் இனி மறப்பார்களா?

நாங்களே கற்பனையாக ஒரு நோயாளியையும் படைத்துக்கொண்டோம். பெயர் அந்தோணியம்மாள், வயது 52, சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். காலை 7 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகும்: “அந்தோணியம்மாளுக்கு இன்சுலின் போடப்பட்டது.” ஏழரைக்கு இன்னொன்று: “இட்லி வந்தது. பசி இல்லை என்று மூடி வைத்துவிட்டார்.” ஒன்பதரைக்கு: “உடல் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, என்னவோ உளறுகிறார்.” பத்து மணிக்கு வகுப்பு. மாணவியர் நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். அந்தோணியம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டுமே! ஒருத்தி டாக்டரை அழைப்பேன் என்றாள், ஒருத்தி பி.பி. பார்ப்பேன் என்றாள். இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்று மூன்றாமவள் சொன்னாள். அளவு 70க்குக் கீழே. நினைவும் விழுங்கும் திறனும் இருக்கின்றன. எனவே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, அது மூச்சுக்குழலில் போய்விடும். இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, “சர்க்கரை வியாதிக்காரங்களுக்குச் சர்க்கரையா கொடுக்கிறது?” என்று ஒரு வீட்டில் தாயார் பின்னாலிருந்து கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. நாங்கள் பதில் சொல்லவில்லை. “அம்மாவுக்கு நீயே விளக்கு” என்று மகளிடம் சொல்லிவிட்டோம். அவள் விளக்கியதைக் காட்டிலும் தெளிவாக எங்கள் புத்தகத்தில் இல்லை.

ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் முந்திய நாள் பாடத்திலிருந்து ஐந்து சிறு கேள்விகள் கேட்டோம். மதிப்பெண் கிடையாது. படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பவரைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பவருக்கு ஒரு வாரம் கழித்தும் மிகுதியாக நினைவிருக்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியல் அறிஞர்கள் 2006இல் காட்டியுள்ளனர். தேர்வுக்குப் படிக்கும் தங்கைகளும் இதைச் செய்து பார்க்கலாம்.

மூச்சு எண்ணும் பாடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாரும் இயல்பாக மூச்சு விடமாட்டார்கள். ஆதலால் நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு, மார்பு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். வீட்டில் ஒருவருக்கு இப்படி எண்ணி எழுதுங்கள் என்றோம். 16, 18, 14 என்று எண்கள் வந்தன. ஒரு மாணவி 34 என்று அனுப்பினாள். உள்மூச்சையும் வெளிமூச்சையும் தனித்தனியாக எண்ணிவிட்டாள் என்று நினைத்து, மறுபடி எண்ணச் சொன்னோம். மறுபடியும் 34. “யாருக்கு எண்ணுகிறாய்?” என்றோம். “அப்பாயிக்கு மேடம். ரெண்டு நாளாக் காய்ச்சல். ஆனா நல்லாத்தான் பேசுறாங்க” என்றாள். வகுப்பை அங்கேயே நிறுத்தினோம். அன்று பகலே அந்த மூதாட்டியை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். பதினோரு நாள் கழித்து வீடு திரும்பினார். 12 முதல் 20 என்ற எண்ணை நாங்கள் வெறுமனே சொல்லி, அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குள் பலமுறை பேசிக்கொண்டதுண்டு.

இத்தனை செய்தும் சிலர் வர இயலவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொண்ட வீடுகள் உண்டு. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் மட்டும் சிக்னல் கிடைத்த ஊர்களும் உண்டு. காணொலி, நாளுக்குரிய டேட்டாவை ஒரே வகுப்பில் விழுங்கிவிடும். அவர்களுக்காகப் பாடத்தை எட்டு நிமிட ஒலிப்பதிவுகளாகப் பேசி அனுப்பினோம். அவர்கள் தம் பங்குக்கு, இரவு எந்நேரமாயினும், ஒரு நிமிடக் குரற்பதிவு அனுப்ப வேண்டும். அதில் பணி மாறும்போது ஒரு நர்சு அடுத்தவருக்குச் சொல்வது போல, நோயாளியின் இப்போதைய நிலை, பின்னணி, தான் கண்டது, செய்ய வேண்டியது என்னும் நான்கையும் சொல்ல வேண்டும். வகுப்பில் வாய் திறவாத பெண்கள் இக்குரற்பதிவில் அழகாகப் பேசினார்கள். சேவல் கூவுவதும் சேர்ந்து கேட்கும், அதனாலென்ன?

இவையெல்லாம் கொண்டு, செவிலியரைக் கைபேசியிலேயே உருவாக்கிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்கச் செவிலியர் மன்றங்களின் தேசியக் குழு 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பத்துக் கல்வி நிலையங்களில் வார்டுப் பயிற்சியின் பாதி நேரம்வரை போலி நோயாளிப் பயிற்சியாக மாற்றியும் மாணவியரின் திறன் குறையவில்லை என்று அது கூறுகிறது. இதைச் சிலர் தமக்கு ஏற்றபடி எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே இருந்தவை நோயாளியைப் போன்ற பொம்மைகள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், நேருக்கு நேர் பயிற்சி. கைபேசி அதற்கு ஈடாகாது. அழுகும் புண்ணின் வாடையும், விரலுக்கடியில் நழுவும் நரம்பும், வலியால் நம் கையை இறுகப் பற்றும் கையும் திரையில் வாரா. ஊசி போடுவதை வீட்டில் செய்து பாருங்கள் என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை.

கல்லூரி திறந்தபோது அதனால்தான் மாணவியரை நேராக வார்டுக்கு அனுப்பவில்லை. மூன்று வாரம் பயிற்சிக் கூடத்தில் பொம்மைக் கையில் ஊசி போடவைத்தோம். மஞ்சளில் தேறிய கைகள் ஊசியைப் பிடித்ததும் நடுங்கின. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு சிறு குறிப்பேடு கொடுத்து, வீட்டில் செய்து தேறியவற்றை ஒரு பக்கத்திலும், இன்னும் தொட்டே பார்க்காதவற்றை எதிர்ப்பக்கத்திலும் அவர்களையே எழுதச் சொன்னோம். எதிர்ப்பக்கம் நீளமாகவே இருந்தது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, கடைசி வரியையும் அடித்த பிறகே வார்டுக் கதவைத் திறந்துவிட்டோம்.