கடலோரக் குன்றுத் திராட்சையும் கூட்டுறவு ஒயின் சாலையும்

பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில், பிரனீஸ் மலைத்தொடர் மத்தியதரைக் கடலில் வந்து இறங்கும் இடத்தில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிக் கொலியூர், போர்வாந்தர், பான்யுல்ஸ், செர்பேர் என நான்கு சிற்றூர்கள் உள்ளன. இவ்வூர்களின் பின்னே எழும் குன்றுகளில் விளையும் திராட்சையிலிருந்து இருவகை ஒயின்கள் ஆக்கப்படுகின்றன. இனிப்பு ஒயினுக்குப் பான்யுல்ஸ் என்றும், இனிப்பில்லாத ஒயினுக்குக் கொலியூர் என்றும் பெயர். முன்னதன் பெயருக்கு 1936லும், பின்னதன் சிவப்பு ஒயினுக்கு 1971லும் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. ஒயின் பருகுவது தகுமா தகாதா என்னும் விவாதத்துள் நாம் இங்குப் புகவில்லை. விளைபொருளைச் சங்கத்தில் ஒப்படைக்கும் அங்கத்தினர் எவரும் அறியத்தக்க செய்தி ஒன்று இக்குன்றுகளில் உண்டு. அது விலை நிர்ணயம் பற்றியது.

முதலில் நிலத்தைக் காண்போம். ஏடு ஏடாகப் பிளக்கும் 'ஷிஸ்ட்' என்னும் பழுப்புப் பாறையே இங்கு நிலம். மேல்மண் மிகச் சொற்பம். கொடியின் வேர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழச் சென்று ஈரம் தேடுகிறது. சரிவு செங்குத்தாக இருப்பதால் பெரும்பாலான இடங்களில் டிராக்டர் ஏற இயலாது. வெட்டுவதும் கொத்துவதும் பறிப்பதும் கையால்தான். மண் சரியாமலிருக்க, சுண்ணாம்போ சிமெண்டோ இன்றிக் கல்மேல் கல் அடுக்கித் தலைமுறை தலைமுறையாகச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் திடீரெனக் கொட்டும் மழை இச்சுவர்களைப் பெயர்த்துவிடும். ஆதலால் குறுக்கும் நெடுக்குமாகக் கல் பாவிய வடிகால்களும் உண்டு. மேலிருந்து நோக்கினால் அவை விரிந்த விரல்களைப்போல் தோன்றுவதால், கட்டலான் மொழியில் அவற்றைச் 'சேவற்கால்' என்கின்றனர். இவ்வாறு காரையின்றிக் கற்சுவர் எழுப்பும் கலையைப் பிரான்ஸ் உள்ளிட்ட எட்டு நாடுகளின் பாரம்பரியமாக யுனெஸ்கோ 2018இல் பட்டியலில் சேர்த்தது.

வடமேற்கிலிருந்து வீசும் 'திரமொந்தான்' என்னும் வறண்ட காற்று இலையின் ஈரத்தை உலர்த்தி அழுகல் நோயைக் குறைக்கிறது. காற்றின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பழைய கொடிகளைப் பந்தலிடாமல் குட்டையாகக் கத்தரித்துப் புதர்போல் வளர்த்துள்ளார்கள். மகசூல் குறைவு. கொலியூர் சிவப்புக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே ஹெக்டேருக்கு 4,000 லிட்டர்தான். நம் கணக்கில் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,600 லிட்டர். பல சரிவுகளில் அதுவும் கிடைப்பதில்லை.

இங்கு முதன்மையான இனம் 'கிரனாஷ்' என்னும் கருந்திராட்சை. வெயிலில் இதன் சர்க்கரை விரைவாக ஏறும். புளிப்பு விரைவாக இறங்கும். ஒயினுக்குச் சிவப்பு நிறம் சாற்றிலிருந்து வருவதன்று, தோலிலிருந்து வருவது. ஆகவே காம்பு நீக்கிய பழத்தைத் தோலுடனேயே தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை ஒரு பாகைச் சாராயம் ஆகும். பான்யுல்ஸ் செய்யும்போது நொதித்தல் நடுவிலிருக்கையிலேயே சாராயம் சேர்த்து அதை நிறுத்திவிடுவதால் இனிப்பு எஞ்சுகிறது. அதற்குரிய சாற்றில் லிட்டருக்குக் குறைந்தது 252 கிராம் சர்க்கரை இருக்கவேண்டும் என்பது விதி. அதே பழத்தைக் கொலியூருக்குப் பயன்படுத்தி முற்றிலும் நொதிக்கவிட்டால் 15 பாகைச் சாராயம் வரும். ஒயின் கனத்து, வாயில் எரியும். நயமான சிவப்பு என்று வல்லுநர் போற்றுவது புளிப்பும் துவர்ப்பும் மணமும் சாராயமும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்பதையே. அதற்குப் பழத்தைச் சில நாட்கள் முன்னதாகப் பறிக்க வேண்டியிருக்கும். தாமதமாகப் பழுக்கும் 'மூர்வேத்ர்' போன்ற இனங்களைச் சேர்ப்பதும் துணைசெய்கிறது.

தென் பிரான்சின் ஒயின் சங்கங்களில் நெடுங்காலம் வழங்கிய கணக்கு 'கிலோ-பாகை' என்பது. பழத்தின் எடையை, அது தரக்கூடிய சாராயப் பாகையால் பெருக்கிப் பணம் பட்டுவாடா செய்வார்கள். ஓர் அங்கத்தினர் 1,000 கிலோ பழத்தை 13 பாகையில் கொணர்ந்தால் 13,000 அலகு. அடுத்தவர் அதே எடையை 15 பாகையில் கொணர்ந்தால் 15,000 அலகு. இனிப்பு ஒயினுக்கு இது பொருத்தமான கணக்கு. நயமான சிவப்புக்கோ இது நேர் எதிரானது. சங்கம் சொன்ன நாளில் பறித்தவர் குறைவாகப் பெறுகிறார். கொடியிலேயே வாடவிட்டவர் கூடுதலாகப் பெற்று, எல்லோருடைய தொட்டியையும் கெடுக்கிறார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. கெஜக் கணக்கில் மட்டும் கூலி கொடுத்துவிட்டு நெசவு நெருக்கமாக இல்லையே என்று வருந்தும் சங்கம் தன் விதியைத்தான் திருத்த வேண்டும்.

பிரான்சில் பல சங்கங்கள் அவ்வாறு திருத்திக்கொண்டன. எந்தத் துண்டு நிலம் எந்த ஒயினுக்கு என்று முன்கூட்டியே குறித்து, கொடியைப் பார்வையிட்டு, பறிக்கும் நாளைச் சங்கமே நிர்ணயித்து, அதற்கேற்ப விலை தருகின்றன. தரம் பிரிப்பதில் சச்சரவு எழாத சங்கத்தை நாம் கண்டதில்லை. அங்கும் அது இருக்கவே செய்யும். ஆனால் குன்றில் துண்டு நிலம் வைத்திருப்பவர் தனியே தொட்டியும் நிலவறையும் கட்ட இயலுமா? அந்த இயலாமையே இச்சங்கங்களுக்கு வித்து. இதே தென்பகுதியில், மரோசான் என்னும் ஊரில் 1901இல் சிறு விவசாயிகள் கூடி ஒயினைக் கூட்டாக விற்கத் தொடங்கினர். 1907இல் விலை வீழ்ச்சியையும் கலப்படத்தையும் எதிர்த்து ஒயின் விவசாயிகள் இலட்சக்கணக்கில் திரண்டபின் சங்கங்கள் பெருகின. பான்யுல்ஸ் ஊரில் 'எத்துவால்' சங்கம் 1921இல் தோன்றியது.

ஆயினும் கிலோவிலும் பாகையிலும் அடங்காத செலவு ஒன்று உண்டு. அது சுவர். ஒரு மழையில் சரிந்த சுவரை அடுக்கப் பல நாள் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பு எடைச்சீட்டில் ஏறாது. இளைஞர் வேறு தொழில் தேடிப் போகும்போது முதலில் கைவிடப்படுவது உச்சிச் சரிவுகளே. கைவிட்ட இடத்தில் புதர் மண்டுகிறது. 2023 ஏப்ரலில், கடும் வறட்சிக்கிடையே, செர்பேர்–பான்யுல்ஸ் குன்றுகளில் பற்றிய தீ சுமார் ஆயிரம் ஹெக்டேர் பரப்பில் பரவியது. களை நீக்கிப் பண்படுத்திய திராட்சைத் தோட்டம் தீக்கு இடைவெளியாக நிற்கும். புதர் மண்டிய தோட்டம் விறகாகும். கொலியூர் புட்டியின் விலையில் சுவருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது அங்குச் சங்கமும் அங்கத்தினரும் சேர்ந்து கணக்கிட வேண்டிய தொகையாக இருக்கிறது.