மறதிநோய்: கணிப்பு எண்ணை எவ்வாறு புரிந்துகொள்வது?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சுமார் 4,000 முதியோரை விரிவாகச் சோதித்து, அம்முடிவுகளிலிருந்து புள்ளியியல் முறையில் நாடு முழுமைக்கும் கணிக்கப்பட்ட எண் இது. இது மக்கள்தொகையின் சராசரி. உங்கள் தந்தைக்கோ தாய்க்கோ நோய் உண்டா என்பதை இது கூறாது.

நினைவாற்றல் சோதனை மதிப்பெண்ணில் கல்வியின் தாக்கமும் உண்டு. பள்ளி செல்லாத காஞ்சிபுரம் நெசவாளர் ஒருவர் குறைந்த மதிப்பெண் பெற்றால், அது மட்டுமே நோய்க்குச் சான்றாகாது. ஆனால், பல்லாண்டு கோர்வை நெய்தவர் பழகிய தறி வேலையிலேயே தடுமாறினால், வயதின் இயல்பென்று விட்டுவிடாதீர்கள். எப்போதிலிருந்து, எவ்வேலையில் மாற்றம் என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கூறுங்கள். நோயறிதலுக்குக் குடும்பத்தினரின் கூற்று இன்றியமையாதது.

வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி ஏற்படலாம்; இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துதல், புகையிலையைத் தவிர்த்தல், செவித்திறன் குறைவைச் சரிசெய்தல் ஆகியன மறதிநோய் ஆபத்தைக் குறைக்க உதவும். இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லத்திலேயே வழங்கப்படுகின்றன. வயதை மாற்ற இயலாது. இவற்றை மாற்ற இயலும்.

முதியோர் உதவி எண்: 14567.